சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்று ஷிஃப்ட்

போன மாதம் எங்கள் பழைய ஆலையிலிருந்து ஏற்றுமதிப் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். காபி ஆறுவதற்குள் ஒருத்தி கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மேடம், இத பாருங்க. சென்னை டு சான் பிரான்சிஸ்கோ. எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம், எங்க மாறணும், எல்லாம் ஒரே செகண்ட்ல வந்துடுது. உங்க காலத்துல பாவம், இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அந்தப் 'பாவம்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. "மூணு ஷிஃப்ட்" என்றேன். இரண்டும் திருதிருவென்று விழித்தன. வந்தவர்களைச் சும்மா அனுப்பவில்லை, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துக் கதையைச் சொல்லித்தான் விட்டேன். "இதை எழுதி வைங்க மேடம்" என்று போகும்போது சொன்னார்கள். எனக்கு வாய்தான் நீளம், எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

நான் சேரப்பணஞ்சேரிக்காரி. பி.காம். முடித்துவிட்டு மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில் ஒரு சுங்க ஏஜெண்டிடம் ஒன்பது வருடம் குப்பை கொட்டினேன். பெட்டிக்கு முத்திரை குத்த வைப்பது, அதிகாரி சாப்பிடப் போவதற்குள் கையெழுத்து வாங்குவது, எந்த விமானம் எதை ஏற்றும், எதை இறக்கிவிட்டுப் போகும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் நான் அங்கே படித்த படிப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வயல்காட்டுக்கு நடுவில் ஆலைகள் முளைக்க ஆரம்பித்தன. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, வண்டிகளுக்கு ரப்பர் ஆயில் சீல் செய்கிற ஒரு கம்பெனி வந்தது. ஆயில் சீல் என்றால் ஒன்றுமில்லை, வளையல் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் இன்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகும். அங்கே ஏற்றுமதிக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடினேன்.

என்னை நேர்காணல் செய்தவர் ஏற்றுமதி மேலாளர் பத்மநாபன் சார். ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. என் சான்றிதழை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மேஜைமேல் பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் உலக உருண்டை ஒன்றை நகர்த்தி வைத்தார்.

"சென்னைலேருந்து சான் பிரான்சிஸ்கோ போகணும். எந்தப் பக்கம்மா போவே?"

"மேற்கே சார். ஜெர்மனி போய், அங்கேருந்து அமெரிக்கா. எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"எல்லாரும் போறது இருக்கட்டும். கிட்டக்க எது?"

ஒரு நூலைக் கொடுத்தார். ஒரு முனையைச் சென்னையில் வைத்து இழுத்துப் பிடித்தேன். அம்மாடி! நூல் மேற்கே போகவே இல்லை. வடகிழக்கே ஏறி, சீனாவைத் தாண்டி, பனிப் பிரதேசத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாகச் சறுக்கிக்கொண்டு இறங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் சமூக அறிவியல் டீச்சர் சுவரில் மாட்டிய படத்தில் அமெரிக்கா இடது கோடியில் அல்லவா இருந்தது!

"அப்போ ஏன் சார் யாரும் அந்தப் பக்கமா போகலை?" என்று கேட்டேன்.

"ரோடு இருக்குற பக்கம்தானேம்மா பஸ் போகும். நேர் வழியில ஃப்ளைட் கிடையாது. ஜெர்மனி சுத்துறதும் சிங்கப்பூர் சுத்துறதும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். நம்ம ஊர் ஏஜெண்டுங்களுக்கு ஜெர்மனி பழக்கம்." பேனாவை மூடினார். "நாளைக்கு வந்து ஜாயின் பண்ணிக்கோ." எதிர்க் கேள்வி கேட்டதற்காகத்தான் என்னை எடுத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். சேர்ந்த பிறகு அதே வாயால் அவரிடம் எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

அவரிடம் ஒரு வழக்கம். தூரத்தை மைலிலோ கிலோமீட்டரிலோ சொல்ல மாட்டார். ஷிஃப்ட்டில்தான் சொல்வார். ஒரு ஷிஃப்ட் எட்டு மணி நேரம். சிங்கப்பூர் அரை ஷிஃப்ட். ஜெர்மனி ஒரு ஷிஃப்ட்டுக்குச் சற்று மேலே. சான் பிரான்சிஸ்கோ, இடையில் காத்திருப்பதையும் சேர்த்து, மூன்று ஷிஃப்ட். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. தூரத்து ஊரில் இப்போது பகலா இரவா, அங்கே என்ன கிழமை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கையில் எத்தனை ஷிஃப்ட் இருக்கிறது, போக எத்தனை ஷிஃப்ட் ஆகும், அவ்வளவுதான் கணக்கு. ஷெட்டில் ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் சட்டென்று புரியும்.

ஒரே ஒரு முறை தவிர, அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும், நாம் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும். அதற்கு அவர் கத்தியே இருக்கலாம்!

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எங்களுக்கு முதல் முறையாக அமெரிக்க ஆர்டர் கிடைத்திருந்தது. சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஒரு வண்டித் தொழிற்சாலை. அந்த ஆர்டருக்காகவே தனி ஷெட் போட்டார்கள். அதில் நாற்பது பேர். முக்கால்வாசி தெற்கத்திப் பிள்ளைகள், சங்கரன்கோவில், கோவில்பட்டி, முதுகுளத்தூர் என்று வந்து படப்பையில் ஒரு அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருந்தவர்கள். எல்லோரும் தற்காலிகம். ஆறு மாதம் ஒரு தடங்கலும் இல்லாமல் சரக்குப் போனால் ஆர்டர் நிலைக்கும், நாற்பது பேரும் நிரந்தரம். ஒரு முறை அங்கே வண்டி பூட்டுகிற லைன் நின்றால் ஆர்டர் ரத்து, ஷெட்டுக்குப் பூட்டு. நிர்வாகம் இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தது. ஏற்றுமதிக்கென்று எடுக்கப்பட்ட நானும் அந்த நாற்பதில் ஒருத்திதான்.

ஐந்தாவது மாதத்தில் சோதனை வந்தது. கப்பலில் அனுப்பிய சரக்குப் பெட்டகத்தைக் கொழும்பில் இறக்கி, அடுத்த கப்பலில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அது போய்ச் சேர இன்னும் பத்து நாள் ஆகும். அங்கே கையிருப்போ வியாழக்கிழமை காலை முதல் ஷிஃப்ட் தொடங்குவதற்குள் தீர்ந்துவிடும். பத்து நாளைக்கு வேண்டிய சீல் இரண்டு பெரிய பெட்டியில் அடங்கும். விமானச் சரக்காகப் போட்டால் நடுவழியில் எங்கே இறக்கி வைப்பார்களோ தெரியாது. ஒரு ஆள் தன்னுடைய பெட்டியாகக் கொண்டு போனால் அவன் இறங்குகிற இடத்தில் அதுவும் இறங்கும். அதனால் ஆளை அனுப்புவது என்று முடிவானது.

ஆள் யார்? முருகேசன். சங்கரன்கோவில் பையன், ஷெட்டில் தரம் பார்க்கிறவன். வளைகுடாவுக்குப் போவதற்காக எடுத்து வைத்த பாஸ்போர்ட் அவனிடம் இருந்தது. வாடிக்கையாளர் ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக அமெரிக்க விசாவும் வாங்கியாகிவிட்டது, பயிற்சிதான் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் விசா இல்லை.

இதெல்லாம் பேசி முடித்தது திங்கட்கிழமை. நான் அன்றைக்கும் மறுநாளும் விடுப்பு, அண்ணன் மகளுக்குக் காது குத்தல். பத்மநாபன் சாரே டிக்கெட் போட்டு, ஷெட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்: "முருகேசா, புதன்கிழமை, ஒன்னே முக்காலுக்கு ஃப்ளைட். சி ஷிஃப்ட் நடுவுல."

புதன் காலை எட்டு மணிக்கு நான் உள்ளே நுழைகிறேன், அலுவலகத்தில் தொலைபேசி அலறிக்கொண்டிருக்கிறது. எடுத்தால் டிக்கெட் போடுகிற ஷகிலா. மவுண்ட் ரோடு டிராவல்ஸில் இருப்பவள், எனக்குப் பழைய சிநேகிதி.

"தனம், உங்க ஆள் ஏன் ஏர்போர்ட்டுக்கு வரலை?"

"எந்த ஆளுடி?"

"முருகேசன்! விடியக்காலம் ஜெர்மனி ஃப்ளைட். ஆள் வரலைன்னு சொல்றாங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஜன்னல் வழியாக எதிரே கேன்டீன் தெரிந்தது. அங்கே முருகேசன், புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, சாவகாசமாகப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தொலைபேசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"டேய் முருகேசா! நீ இங்க என்னடா பண்றே?"

"வாங்கக்கா. பொங்கல் நல்லாருக்கு, ஒரு வாய் சாப்பிடுதியளா? ராத்திரிதான பிளேனு. எல்லாத்துட்டயும் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"பிளேன் போயிடுச்சுடா!"

அவன் கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது. "என்னக்கா சொல்லுதிய? இன்னைக்குப் புதன்தான?"

"புதன்தான்."

"சி ஷிஃப்ட்டு ராத்திரி பத்து மணிக்குத்தான தொடங்கும்?"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. எங்கள் ஆலையில் நாள் பிறப்பது காலை ஆறு மணிக்கு. ஏ ஷிஃப்ட் ஆறுக்கு, பி ஷிஃப்ட் இரண்டுக்கு, சி ஷிஃப்ட் இரவு பத்துக்கு. சி ஷிஃப்ட் எந்த நாளில் தொடங்குகிறதோ, விடிகிற வரைக்கும் அந்த நாள் கணக்குத்தான். வருகைப் பதிவும் அப்படி, ஓவர்டைமும் அப்படி, பேச்சும் அப்படி. பஞ்சாங்கக்காரர்களும் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள் என்பார்கள், அதனால் இங்கே யாருக்கும் அது விநோதமாகவே பட்டதில்லை. விமானக் கம்பெனிக்கோ நடுச்சாமம் பன்னிரண்டு தாண்டினால் தேதி மாறிவிடும். அவர்களுடைய புதன் ஒன்றே முக்கால், எங்களுக்குச் செவ்வாய் சி ஷிஃப்ட். சார் டிக்கெட்டைப் பார்த்துக் கிழமையைச் சொன்னார், பழக்க தோஷத்தில் ஷிஃப்ட்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். கேட்டவர்களில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

பத்மநாபன் சார் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். பிறகு நேராக ஷெட்டுக்குள் போனார், பின்னாலேயே நானும் முருகேசனும். பிரஸ் சத்தத்துக்கு நடுவில் எல்லோரையும் கிட்டே கூப்பிட்டார்.

"ஃப்ளைட் போயிடுச்சு. கிழமையைக் குழப்பிச் சொன்னது நான். முருகேசனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது." அவ்வளவுதான். திரும்பி என்னைப் பார்த்தார். "என்னை அப்புறமாத் திட்டிக்கலாம் தனலட்சுமி. கையில எவ்வளவு இருக்கு?"

விரல் விட்டு எண்ணினேன். வாய் கணக்கைச் சொன்னது. "அவங்க வியாழன் காலை ஆறு மணி, நமக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆறரை. நாலு ஷிஃப்ட், அதுக்கு மேல கொஞ்சம்."

"அடுத்த ஜெர்மனி ஃப்ளைட்?"

"இன்னிக்கு ராத்திரிதான் சார். அதுவரைக்கும் இங்கேயே ரெண்டு ஷிஃப்ட் போயிடும். அப்புறம் பயணம் மூணு. ஒரு ஷிஃப்ட் லேட்டாகும்."

ஒரு ஷிஃப்ட்! அங்கே லைன் ஒரு ஷிஃப்ட் நின்றால் இங்கே ஷெட் நிரந்தரமாக நின்றுவிடும். பேச்சியம்மாள் என்று கோவில்பட்டிப் பெண், ஷெட்டிலேயே வாயாடி, அவள் கையுறையைக் கழற்றி முறுக்கிக்கொண்டு நின்றாள். சாரின் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தது. அவருடைய அறைக்குள் போனோம். மேஜைமேல் அந்த உருண்டை. எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, அதைப் பிடித்துத் திருப்பினேன்.

"சார், ராத்திரி ஃப்ளைட்டுக்கு ஏன் காத்திருக்கணும்? மேற்கே போறதுக்குத்தான் ராத்திரி ஆகணும். கிழக்கே போனா? மதியம் ஒரு மணிக்குச் சிங்கப்பூர் ஃப்ளைட் இருக்கு. அங்கேருந்து ஹாங்காங், அங்கேருந்து சான் பிரான்சிஸ்கோ. தூரம் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க!"

சார் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "போடு ஷகிலாவுக்கு."

ஷகிலாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "சென்னைலேருந்து சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் ஒரே டிக்கெட்டா போடு. துண்டு துண்டா போட்டுடாதே." இது முக்கியம். சிங்கப்பூருக்குத் தனி டிக்கெட் என்றால் ஆளுக்கு இருபது கிலோதான், மிச்சத்தை இறக்கி வைக்கச் சொல்வார்கள். அமெரிக்கா வரைக்கும் ஒரே டிக்கெட் என்றால் இரண்டு பெரிய பெட்டி தாராளமாகப் போகும், நடுவில் எடுத்து மாற்றவும் வேண்டாம், கடைசி ஊரில்தான் இறங்கும். சிங்கப்பூர் விசாவும் வேண்டாம், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் இருந்தால் போதும். ஷகிலா கணினியில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் என் நெஞ்சு ஒரு தட்டு தட்டியது.

"தனம், கிடைச்சுடுச்சு! கடைசி சீட்டு. டிக்கெட்டை அடிச்சு நானே எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வர்றேன். ஆளைக் கொண்டு வந்து சேர்."

அடேயப்பா, அப்போது எனக்கு வந்த சந்தோஷம்! தொலைபேசிக்கு முத்தம் கொடுத்துவிட்டேன். சார் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பெட்டி இரண்டும் ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தன. ஆனாலும் ஸ்டோர்ஸ் தராசில் மறுபடி நிறுத்திப் பார்த்தேன். ஒரு பெட்டி இரண்டு கிலோ தூக்கலாக இருந்தது. திறந்தால், சீல்களுக்கு மேலே ஒரு துணி மூட்டை, உள்ளே கருப்பட்டி.

"எங்கம்மை குடுத்து விட்டதுக்கா. அங்கன காப்பிக்குப் போடலாம்னு..."

"உங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று பிடுங்கிப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். அழுகிற நிலையில் இருந்தவள் அதைப் பார்த்துக் குபீரென்று சிரித்துவிட்டாள்.

கம்பெனி வேன் டிரைவர் ஏழுமலை தண்டலத்துக்காரர். அவருக்கு நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, வண்டி உறுமிவிட்டது.

"இன்னாக்கா, ஒரு மணி பிளேனா? பதினொன்னுக்குள்ள உள்ள வுட்டுர்றேன். பூந்தமல்லி ரோட்டாண்ட போனா அம்பேல், ரோட்ட நோண்டி வச்சிக்கினு கீறானுங்க. படப்பை பக்கமா வுட்டு, வண்டலூர்ல ஏறிக்கலாம். குந்து, குந்து."

முன்னால் சார், பின்னால் நானும் முருகேசனும், காலடியில் பெட்டி. ஆலை வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். ஷெட் கதவில் பிள்ளைகள் கொத்தாக நின்றார்கள். கை அசைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சேரப்பணஞ்சேரி, படப்பை எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போயின. மண்ணிவாக்கத்துக்கு முன்னால் வண்டி நின்றது. மணல் லாரி ஒன்று அச்சு முறிந்து சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் வால் நீட்டி நின்றன. நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். ஏழுமலை கீழே குதித்து முன்னால் ஓடினார். அவர் குரல் மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"யோவ், நவுருய்யா! அமெரிக்கா போற ஆளு உள்ள கீறாரு! அந்தாண்ட அம்மாம் பேருக்கு வேலை போயிடும்யா! பைக்கை ஓரங்கட்டு!"

ஜனங்கள் வேனுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முருகேசன் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பால்காரர் தன் சைக்கிளைத் தூக்கி ஓடை ஓரம் வைத்தார். இரண்டு பேர் ஒரு மாட்டு வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். சாலைக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைத்தது. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேற்றில் வழுக்கி, திணறியது. சார் இறங்கினார். அரைக்கைச் சட்டை, பளபளக்கும் ஷூ, நேராகச் சேற்றில் கால் வைத்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினார்! நானும் தள்ளினேன். யார் யாரோ வந்து தள்ளினார்கள். "ஏலேலோ" என்று எவனோ ஒருவன் பாட்டு வேறு எடுத்தான். வண்டி ஏறிவிட்டது. ஏறியதும் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

மீனம்பாக்கத்தில் ஷகிலா வாசலிலேயே நின்றாள், கையில் டிக்கெட், முகமெல்லாம் வியர்வை. எங்கள் கோலத்தைப் பார்த்து, "நாத்து நட்டுட்டு வர்றீங்களா?" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை. சுங்க மேஜைக்கு ஓடினேன். அங்கே ஒரு முடிச்சு காத்திருந்தது. எங்கள் ஏற்றுமதிக் காகிதத்தில் ஜெர்மனி விமானத்தின் எண் போட்டிருந்தது.

"இது வேற ஃப்ளைட்டும்மா. புதுசா எழுதி எடுத்துட்டு வாங்க" என்றார் அதிகாரி.

ஒன்பது வருடம் அந்தக் கட்டடத்தில் நின்ற காலல்லவா இது! "சார், பெட்டி அதே, சரக்கு அதே, ஆள் அதே, போற ஊரும் அதே. வழி ஒண்ணுதான் மாறியிருக்கு. எண்ணை அடிச்சுத் திருத்தி ஓரத்துல நீங்க சுருக்கொப்பம் போட்டா செல்லும். உங்க மேலதிகாரிகிட்ட வேணும்னா கேட்டுக்குங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றேன். அவர் என்னையும் என் புடவைச் சேற்றையும் ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். திருத்தினார். ஒப்பமும் போட்டார். "போயிட்டு வாங்கம்மா" என்று சொன்னதோடு ஒரு சிரிப்பும் சிரித்தார், நல்ல மனுஷர்.

உள்ளே போகும் கதவுக்கு முன்னால் முருகேசன் நின்றுவிட்டான். அதுவரைக்கும் அவன் விமானத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை.

"அக்கா, சிங்கப்பூர்ல எறங்கி எந்தப் பக்கம் போணும்?"

"வெளியே போற வாசலைத் தாண்டாதே. 'டிரான்ஸ்ஃபர்'னு போட்ட பலகை பின்னாலேயே போ. ஹாங்காங்லயும் அப்படித்தான்."

"தாம்பரத்துல பஸ்ஸு மாறுத மாதிரிதான?"

"அதேதான்டா ராசா."

"வாச்சுல நேரத்தை எப்ப மாத்தணும்?"

"மாத்தவே மாத்தாதே. நம்ம நேரத்துலயே வச்சுக்கோ. மூணு ஷிஃப்ட் முடிஞ்சா அமெரிக்கா. அங்க அந்தக் கம்பெனி ஆள் உன் பேரை எழுதிப் பிடிச்சுக்கிட்டு நிப்பார்." அவருக்குத் தகவலை ஷகிலா ஏற்கெனவே ஃபேக்ஸில் அனுப்பியிருந்தாள்.

சார் அவன் தோளில் கை வைத்தார். "சரிப்பா" என்றார். முருகேசன் சட்டென்று குனிந்து அவருடைய சேற்றுக் காலைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் ஷெட்டில் ஒருத்தருக்கும் கவனம் நிலைகொள்ளவில்லை. நடுக் கடலில் தேதி மாறும் கோடு ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லப்போக, அது ஒரு பெரிய கூத்தானது.

"அப்பம் புதன் மத்தியானம் பொறப்பட்டு, புதன் ராத்திரியே அங்கன போயிருவானா?" என்று பேச்சியம்மாள் கண்ணை விரித்தாள். "ஒரு நாள் நமக்கு லாபந்தானக்கா?"

"தேதிதான்டி லாபம். நேரத்தை எவனும் சும்மா கொடுக்க மாட்டான். மூணு ஷிஃப்ட்னா மூணு ஷிஃப்ட்தான்."

எங்கள் கணக்கில் வியாழன் மதியம் அவன் இறங்கியிருக்க வேண்டும். தொலைபேசி வரவில்லை. நாங்கள் போட்டுப் பார்த்தோம். அங்கே நள்ளிரவு, அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. ஹாங்காங்கில் வழி தவறியிருப்பானோ, பெட்டி ஒன்று எங்கேயாவது நின்றுவிட்டதோ, பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டானோ என்று எனக்குள் ஆயிரம் ஓடியது. ஏ ஷிஃப்ட் முடிந்தும் ஒருத்தர்கூட பஸ் ஏறவில்லை, பி ஷிஃப்ட்காரர்களுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். பத்மநாபன் சார் ஷெட் மேற்பார்வையாளர் அறையில், தொலைபேசிக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கேன்டீனிலிருந்து வந்த டீ அவர் பக்கத்தில் ஆடை படிந்து கிடந்தது. ஆறரை தாண்டியது. அங்கே முதல் ஷிஃப்ட் தொடங்கும் நேரம்.

மணி அடித்தது.

சார் பாய்ந்து எடுத்தார். "ஹலோ! யாரு? முருகேசனா? என்னப்பா? கேக்கலை... கேக்கலைப்பா!" ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டார். பன்னிரண்டு பிரஸ்ஸும் பம்ப் மோட்டாரும் போடுகிற இரைச்சலில் ஒன்றும் கேட்காது. டீ நேரத்துக்குக்கூட நிறுத்தாத ஷெட் அது, ஆள் மாற்றி ஆள் ஓட்டுவார்கள். நிறுத்தினால் அச்சு சூடு ஆறிவிடும், மறுபடி சூடேற்ற அரை ஷிஃப்ட் ஆகும்.

சார் கதவுக்கு வந்தார். கையை உயர்த்தினார். "நிறுத்துங்க!"

அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அச்சுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஆனால் யாரும் அடுத்த ரப்பரை வைக்கவில்லை. பம்ப் மோட்டார் முனகி அடங்கியது. யாரோ மின்விசிறிகளையும் அணைத்தார்கள். கையுறை போட்ட கையோடு அத்தனை பேரும் அந்த அறை வாசலில் நெருக்கியடித்து நின்றோம். சார் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"சார், முருகேசன் பேசுதேன். ராத்திரியே வந்துட்டேன் சார். பெட்டியைப் பிரிச்சு, ஒண்ணொண்ணா பாத்து வாங்க இம்புட்டு நேரம் ஆயிட்டு, அதான் பேச முடியல. இப்பம் லைன்ல நிக்கேன். நம்ம சீலத்தான் போட்டுக்கிட்டு இருக்காவ. இருங்க, போனைப் பிடிக்கேன், கேளுங்க."

கேட்டோம். டக், ஒரு சீறல், டக், ஒரு சீறல். உலகத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு லைன் ஓடிக்கொண்டிருந்தது, நிற்காமல். எங்கள் ஷெட்டிலோ அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பேச்சியம்மாள் கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள், அவளைப் பிடிக்கப் போன நானும் அழுதேன். பின்னாலிருந்து எவனோ விசில் அடித்தான், அடுத்த நொடி அத்தனை பேரும் கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"மெஷினைப் போடுங்கப்பா" என்றார். "அடுத்த லோடு ஏத்தணும்."